கறுப்புக் கண்ணாடி போட்ட ரெண்டு அம்மா

ஒரு ஊர்ல, வெயில்கூடக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நடக்குற ஊர்ல, முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு இருந்தா. உன் உசரம்தான். ம் சொல்லணும், சரியா?

ம்.

அந்த ஊருக்கு ஒரு புது நாகரிகம் வந்துச்சு. பொம்பளைங்க போடுற கூலிங்கிளாஸ். அப்பளம் அப்பளமா ரெண்டு கறுப்பு வட்டம். புருவத்துல ஆரம்பிச்சா கன்னத்துலதான் வந்து நிக்கும். பால் வாங்கப் போனாலும் அது, துணி துவைச்சாலும் அது. பேச்சியோட அம்மா சொர்ணம், அதைப் போட்டுக்கிட்டே சமைச்சு ரசத்துல ரெண்டு தடவை உப்பு போட்டா. "கழட்டித் தொலையேன்டி"ன்னு அப்பா சொன்னா, "ஸ்டைலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"பா.

ஊரோரத்துல ஒரு இடிஞ்ச உப்புக் கிட்டங்கி, அதான் உப்பு மூட்டை அடுக்குற கொட்டகை. அதுக்குள்ள ஒருத்தி இருந்தா. அவளுக்குக் கண்ணே கிடையாது. கண்ணு இருக்கவேண்டிய இடத்துல வழவழன்னு தோலு. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசுவா. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ஆனா அந்த மூஞ்சியைப் பாத்தா பிள்ளைங்க ஓடிடும்ல?

ம்...

அப்புறம் ஒருநாள், முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு அவளும் ஒரு கண்ணாடி வாங்கிட்டா. "உங்களுக்குன்னே செஞ்சமாதிரி இருக்கும்மா!"ன்னாரு கடைக்காரரு.

மறுநாள் மத்தியானம். பள்ளிக்கூட மணி, டிங் டிங் டிங். பேச்சி வெளிய வந்தா, வேப்பமரத்தடியில ரெண்டு அம்மா! மகளிர் குழுவுல எல்லாருக்கும் குடுத்த அதே ஊதாச் சேலை. அதே கண்ணாடி.

"பேச்சி, வாடி."

"பேச்சி, வாடி."

"யாருடி நீ? என் பிள்ளையை விடு!" ரெண்டு வாயும் ஒண்ணாக் கத்துது.

பேச்சி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. "இ...இன்னைக்கு என்ன குழம்பு?"ன்னு கேட்டா. "புளிக்குழம்பு!" ரெண்டு பேரும்தான். அப்போ ரெண்டு பேரோட கையையும் தொட்டுப் பாத்தா. வெயில்ல நின்ன கை, ரெண்டுமே சுட்டுது. அப்புறம் அண்ணாந்து கண்ணாடிக்குள்ள பாத்தா. ரெண்டுலயும் குட்டியா அழுதுகிட்டு நின்னது பேச்சிதான். கழட்டுன்னு சொல்ல வாய் வரல. உள்ள என்ன இருக்குமோ!

அப்போ ஆளுக்கொரு கையா இழுத்தாங்க. சர்ர்ர்... சர்ர்ர்... மண்ணுல கால் தேயுது. எந்தக் கை கிட்டங்கிக்கு இழுக்குது? எந்தக் கையை உதறணும்? தப்பான கையை உதறிட்டா?

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிடுச்சு. பேச்சி தேம்பினா: "எல்லாரும் என்னையே பாக்குறாங்கம்மா..."

கண்ணு பட்டுடும்ல! டக்குனு ஒருத்தி கையை விட்டா. பேச்சி கன்னத்தை ரெண்டு கையாலயும் வழிச்சு, நெட்டி முறிக்கத் தன் நெத்திப்பொட்டுக்குக் கொண்டுபோனா. டொக்! கண்ணாடிக் காம்பு இடிச்சுது. போட்டிருக்கோம்கிறதே மறந்துபோச்சு அவளுக்கு. "சீ, சனியனே!"ன்னு பிடுங்கி வீசினா. சடசடசடன்னு நெட்டி முறிஞ்சுது.

கண்ணு! செவந்து, தண்ணி வழிஞ்சு, மூக்குல கண்ணாடி அழுந்தின தழும்போட, அம்மா கண்ணு!

இன்னொருத்தியும் கன்னத்தை வழிச்சா. கையைத் தூக்கினா. டொக். டொக். டொக். கழட்ட மாட்டேங்குறா. பேச்சி கையை உதறிட்டு அம்மா இடுப்புல தாவினா. கூட்டத்துல ஒவ்வொருத்தியும் மெதுவாத் தன் கண்ணாடியைக் கழட்டினா. ஒருத்தி மட்டும் கழட்டாம, பின்பக்கமாவே அடியெடுத்து வச்சு நடந்து நடந்து போயிட்டா.

எங்க போனாளா? அது யாருக்கும் தெரியல.

என்ன கேக்குற, எனக்குக் கண்ணு இருக்கான்னா? இருட்டுல தெரியலையா? இந்தா, தொட்டுப் பாரு. இமை துடிக்குதா? ம். அப்போ கதை இங்கயே நிக்கட்டும், நீ தூங்கு.