சன்ஸ்கிரீனுக்கு ஒரு பந்திக் கணக்கு

மஞ்சுக்கரட்டில் மூடுபனி எவ்வளவு கெட்டி என்றால், குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் துண்டை அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். துண்டு காயாது. ஆனால் கீழே விழவும் விழாது. அங்கே ஒரு கறுப்பு ஆடு பனியை மேய்ந்து மேய்ந்து வெள்ளாடாகவே ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள். பார்த்தவர் யாருமில்லை. அந்தப் பனியில் எதைப் பார்ப்பது?

அந்த மலைக்குத்தான் அல்லியம்மை சோலார் பலகை விற்க வந்தாள். பலகையை நிறுத்தி, ஒரு விளக்கை எரியவைத்துக் காட்டிவிட்டு, ஆர்டர் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவதாகத் திட்டம். வெயில் வரட்டும் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள். பார்த்தவர்கள் தவம் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். ஏதோ கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னாள். அது சரியாக இருந்து தொலைத்தது. இப்போது அவள் குரு. பலகையின் மேல் ஆசிரமத்து அப்பளங்கள் வெயிலுக்குக் காத்திருக்கின்றன.

அவளுடைய சீடர்களில் தில்லைவிடங்கன் வயதில் அவளைப்போல இரண்டு மடங்கு. ஒரு காலத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். ஆயிரம் இலை என்றால் அவருக்கு ஆயிரம் இலைதான். கடைசிப் பந்தி எழுந்த பிறகு ரச அண்டாவைக் கவிழ்த்தால் ஒரே ஒரு சொட்டு விழும். அதுவும் அவர் நாக்கில் விட்டுப் பார்ப்பதற்காகக் கணக்கில் சேர்த்தது.

பிறகு தோலில் ஒரு நோவு வந்தது. வெயில் பட்டால் தடித்துக் கொப்புளிக்கும். "சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே போகக் கூடாது" என்றார் டாக்டர். தில்லைவிடங்கன் யோசித்தார். வெயிலே இல்லாத ஊர் எது என்று விசாரித்தார். மலையேறிவிட்டார்.

அவர் மகள் மீனலோசனி கடலோரத்தில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறாள். அவள் கல்யாணம் அந்த மணலிலேயே, உச்சி வெயிலில் நடந்தது. ஊர் ஊராகக் கல்யாணத்துக்குச் சமைத்த மனிதர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. "வெயில் ஆகாது" என்றார். பொய் இல்லை. ஆனால் சமையலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாளே என்ற கோபம் அந்த வெயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவள் கூப்பிடுவாள். "லீவுக்கு வாங்கப்பா. ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க."

"வர்றேம்மா. கிரீம் எவ்வளவு வேணும்னு ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு வர்றேன்."

கணக்கு முடிவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

இந்தக் கோடையில் அவள் குரல் வேறுமாதிரி இருந்தது. "அப்பா, இதுதான் கடைசி. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

தில்லைவிடங்கன் நேராகக் குருவிடம் வந்தார். அவள் அப்பளங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குருவே, ஒரு வாரத்துக்கு எத்தனை டியூப் எடுத்துட்டுப் போறது?"

"கணக்கு எங்கே நிக்குதுங்க, ஐயா?"

"முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம். அப்புறம் கை, கால், நெஞ்சு. காது மடலைக்கூட விடலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். வேர்த்தாலும் பூசணும். கடல்ல இறங்கி ஏறினாலும் பூசணும். அலை எத்தனை தடவை வந்து நனைக்கும்னு தெரியலையே. அங்கதான் கணக்கு இடிக்குது."

"அலைகிட்டக் கேட்டுப் பார்த்தீங்களா?"

"குருவே!"

"கோபப்படாதீங்க. உட்காருங்க, ஒரு கதை சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். பனியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஒரு ராஜா. ரொம்ப மெல்லிசான தோல். நிலா வெளிச்சத்துலேயே கறுத்துப்போவார். அவருக்குக் கடல் பார்க்க ஆசை. வழிக்கும் கரைக்கும் எவ்வளவு நிழல் வேணும்னு மந்திரிங்க கணக்குப் போட்டாங்க. அரண்மனை ஆலமரத்து நிழலைப் பாய் மாதிரி சுருட்டிக் கட்டினாங்க. பத்தலைன்னா என்ன செய்யறதுன்னு கோபுரத்து நிழலையும் மடிச்சு வச்சாங்க. அதுவும் பத்தலைன்னா? யானை நிழல், குடிமக்க நிழல், எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டியாச்சு. ஒரு பூனை தன் நிழலைக் காணோம்னு தெருத் தெருவா அழுதுகிட்டுத் திரிஞ்சுது."

"அடப்பாவமே."

"வழியில ஒரு பெட்டி திறந்துக்கிச்சு. அதைச் சுமந்த கழுதை அப்படியே நின்னு தூங்கிருச்சு. எப்படியோ கரைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. எல்லா நிழலையும் விரிச்சாங்க. பொழுது சாஞ்சிருச்சுன்னு பறவையெல்லாம் கூட்டுக்குத் திரும்பிருச்சு. மீனெல்லாம் கண்ணை மூடிக்கிச்சு. கடலே குரலைத் தாழ்த்திக்கிச்சு. நடுவுல ராஜா. 'கடல் எங்கே?'ன்னார். 'எதிர்லதான் இருக்கு, மகாராஜா.' 'ஒண்ணும் தெரியலையே!' ஒரு வாரம் தங்கினார். கடல்ங்கிறது ஒரு பெரிய இருட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தார்."

தில்லைவிடங்கன் நெடுநேரம் தாடையைத் தடவினார்.

"ராஜா நிழலைக் கொஞ்சம் குறைச்சு எடுத்துட்டுப் போயிருக்கணும்."

"எவ்வளவு?"

"அதைத்தானே நான் கேட்கறேன்!"

அல்லியம்மை சிரித்துவிட்டாள். "சரி. கதை வேண்டாம். பூசியே பார்த்துடலாம்."

அன்று சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல் நாள். அந்த ஆசிரமத்தில் இருப்பது ஒரே ஒரு விதி. சனிக்கிழமைகளில் யாரும் தன் முதுகைத் தானே தேய்க்கக் கூடாது. இன்னொருவர்தான் தேய்த்துவிட வேண்டும். தில்லைவிடங்கன் மட்டும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விடுவார். "என் உடம்பு, என் கணக்கு" என்பார்.

இன்றைக்கு அவரை எல்லோர் நடுவிலும் நிறுத்தினாள் குரு.

"இந்த எண்ணெய்தான் சன்ஸ்கிரீன்னு வச்சுக்கோங்க. உடம்பு முழுக்கப் பூச எவ்வளவு வேணுமோ, நீங்களே அளந்து எடுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கரண்டியால் அளந்தார். முகத்தில் தொடங்கிக் கால் விரல் இடுக்கு வரை நிதானமாகப் பூசினார். முடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"பார்த்தீங்களா? கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"செங்கோடன் ஐயா, அந்த அரிசி மாவை எடுத்துட்டு வாங்க."

செங்கோடன் ஒரு காலத்தில் மாவு மில் வைத்திருந்தவர். மாவைப் பார்த்தாலே குஷியாகிவிடுவார். தில்லைவிடங்கனைச் சுற்றிச் சுற்றி வந்து முறத்தால் தூற்றினார். எண்ணெய் பட்ட இடமெல்லாம் மாவு ஒட்டியது. மனிதர் தலை முதல் கால் வரை வெளுத்தார். வெள்ளைப் பனிக்குள் வெள்ளையாக நின்றவர், மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து கரைந்தே போனார்.

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கறுத்த திட்டு மட்டும் அந்தரத்தில் மிதந்தது.

சீடர்களில் ஒருவர் களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றது பனி.

"ஒரு பந்தி பட்டினி, ஐயா" என்றாள் அல்லியம்மை.

"எங்கே?"

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டும் திரும்பியது. இந்தப் பக்கம் திரும்பினார். அது அந்தப் பக்கம் போனது. கையை மேலே வளைத்துத் துழாவினார், கீழே வளைத்துத் துழாவினார். விரல் எட்டவில்லை.

"காது மடலைக்கூட விடலைன்னீங்க. முதுகைப் பத்திப் பேச்சே எடுக்கலையே."

தில்லைவிடங்கன் துழாவுவதை நிறுத்தினார்.

"அதுக்கு எவ்வளவு வேணும், குருவே?"

"அதுக்கான அளவு பூசுற கைக்குத்தானே தெரியும்."

அவர் குளிக்கவில்லை. மாவோடு மாவாகவே, செல்போனில் டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறினார்.

"என்னப்பா, கணக்கு முடிஞ்சுதா?" என்றாள் மீனலோசனி. குரலில் எதிர்பார்ப்பு இல்லை.

"முதுகு விட்டுப்போச்சும்மா."

"என்னது?"

"எனக்கு எட்டலை. அதுக்கு மட்டும் என்கிட்டே கணக்கு இல்லை."

மறுமுனையில் நெடுநேரம் அலைச்சத்தம்தான் கேட்டது. அலைகளை எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்பா, அன்னைக்கு உங்களுக்கு ஒரு இலை போட்டு வச்சிருந்தேன். எல்லாரும் எழுந்து போன பிறகும் அதை எடுக்க விடலை. சமையலுக்கு வேற ஆளை வச்சதே, நீங்க ஒரு கல்யாணத்துலயாவது உட்கார்ந்து சாப்பிடணும்னுதான்."

"லோசனி..."

ஒரு பனித்திரள் பாறையைக் கடந்து போனது. டவரையும் கூட எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து அவள் சொன்னது வாருங்கள் என்பதா, வேண்டாம் என்பதா, அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். பைக்குள் சன்ஸ்கிரீன் இருந்தது. கைக்குக் கிடைத்த டியூப்களை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டிருந்தால் எத்தனை என்று அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். காது மடலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது.

அல்லியம்மை வழியனுப்ப வந்தாள். வழிக்கு என்று ஒரு காகிதப் பொட்டலத்தில் அப்பளம் கொடுத்தாள். "அங்கே போய்க் காயவச்சுக்கோங்க" என்றாள்.

பஸ்ஸுக்கு முன்னால் அதன் ஹாரன் வந்தது. பிறகு பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் மிதந்து வந்தன. ஒரு காலைப் படியில் வைத்தவர் திரும்பினார்.

"குருவே, ஒருவேளை கோபத்துல அவ பூசிவிட மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சட்டையைக் கழட்டாதீங்க."

"அப்புறம்?"

"சட்டையோடயே அவ பக்கத்துல உட்காருங்க."