மடவை வர்ற வரைக்கும்

ஆறு கடலில் கலக்கும் இடத்துக் குப்பத்தில் நண்டு பிடித்துப் பிழைத்தவள் செம்பாயி. ஜமீன்தார் விருத்தகிரி தன் மாந்தோப்புக்காக மேலே ஆற்றை மறித்து மதகை மூடிவிட்டார். தண்ணீர் வராமல் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. அலையாத்தி மரங்கள் கருகின, மீன் உள்ளே ஏறவில்லை. குப்பத்தில் பாதி வீட்டில் அடுப்பெரியவில்லை.

அப்போது பார்த்து ஜமீன்தார், "மகள் கல்யாணத்துக்கு இருபது கூடை மடவை மீன் வேணும். இல்லாட்டி குப்பத்தைக் காலி பண்ணுங்க" என்று சொல்லியனுப்பினார்.

சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரமாகப் பார்த்துச் செம்பாயி போய் நின்றாள்.

"மீனெல்லாம் கடல்லயே நிக்குது சாமி. மதகைத் திறந்தா ஆறே மணலை உடைச்சு வழி விட்டுடும்."

"எத்தனை நாளைக்குத் திறக்கணும்?"

"நீங்களே சொல்லுங்க சாமி."

"மீன் வர்ற வரைக்கும் திறந்து வை, போ!"

மூன்றாம் நாள் மணல்மேடு உடைந்தது. மடவை கூட்டங்கூட்டமாக ஏறியது. கல்யாண விருந்து முடிந்ததும் ஜமீன்தார், "மீன்தான் வந்தாச்சே, மதகை மூடுங்கடா" என்றார்.

செம்பாயி எல்லார் முன்னாலும் கைகூப்பினாள். "வர்ற வரைக்கும்னு வாக்குக் கொடுத்தீங்க. இன்னும் வந்துக்கிட்டுத்தானே இருக்கு! மகராசனா இருக்கணும் சாமி, குப்பமே உங்களைக் கும்பிடுது."

"வாக்குத் தவறாத வீட்டில்தான் பெண் எடுத்திருக்கிறோம்" என்றார் சம்பந்தி, பூரித்துப்போய். மதகை மூடக் கிளம்பிய ஆட்களை ஜமீன்தார் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்கு அலையாத்தி துளிர்த்தது. வீட்டுக்கு வீடு நன்றியோடு கொண்டுவந்து கொட்டிய மீனைச் செம்பாயியால் ஆக்கி முடிக்க முடியவில்லை. குப்பத்தையே சாப்பிடக் கூப்பிட்டாள்.