யானைத் தடத்தில் ஒரு தவளை நாடு

நெட்டேரியில் எது கெட்டாலும் பழி தவளைகள் மேல்தான் விழும்.

மழை பொய்த்தால், "இதுங்க சரியாகக் கத்தலை!" என்று வாத்துகள் கொத்தும். வெள்ளம் வந்தால், "எல்லாம் இதுங்க கத்தின கத்துதான்!" என்று அதே வாத்துகள் விரட்டும்.

தவளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்நியக் காலடி கேட்டால் பாட்டைச் சட்டென்று நிறுத்திவிடும். அந்த அமைதியில் வாத்துகள் திடுக்கிட்டு நீரில் பாயும். கரையில் நரி ஏமாந்து நிற்கும். தங்களைக் காப்பது எது என்று வாத்துகள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒருநாள் மிடுக்கி என்ற தவளை இட்ட முட்டைகளை, வாத்துத் தலைவர் வெண்மூக்கர் போகிற போக்கில் மிதித்துக் கலக்கிவிட்டார்.

"அடடே, கவனிக்கலையே!" என்று சிரிப்பு வேறு!

மிடுக்கிக்குப் பொறுக்கவில்லை. "போதும்! இனி நமக்கென்று ஒரு நாடு!" என்று எல்லாத் தவளைகளையும் கிளப்பிவிட்டாள்.

தேடினால், ஆளில்லாத குளம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் கிடைத்தது ஒரு யானையின் காலடித் தடம். லேசுப்பட்ட யானையா அது? நடந்தால் மலை ஒதுங்கி வழிவிடும்! நம்பாதவர்கள் அந்த மலையையே கேட்டுக்கொள்ளலாம். தடம் நிறைய மழைநீர் தளும்பியது.

"நாடு என்றால் ராஜா வேண்டாமா?" என்று கேட்டது தொந்தித் தவளை கொழுக்கன்.

"முதலில் தொந்தியை நகர்த்து! மற்றவர்களுக்கும் இடம் வேண்டும்!" என்றாள் மிடுக்கி.

பொழுதுக்கும் பாட்டு, கும்மாளம்! "வாயை மூடு" என்று சொல்ல ஆளில்லை. மிடுக்கி மறுபடி முட்டையிட்டாள். கலக்க யாரும் வரவில்லை.

வந்தது ஒரு சாரைப்பாம்பு.

"ஆகா! ஏரியில் ஒன்று பிடிப்பதற்குள் வாத்துகள் சிறகடித்துத் துரத்தும். இங்கே எல்லாரையும் ஒரே தட்டில் பரிமாறி வைத்திருக்கிறீர்களே!"

பாட்டு சட்டென்று நின்றது. முட்டைகளின் முன்னால் மிடுக்கி மார்பை உப்பிக்கொண்டு நின்றாள். பாம்பு வாயைத் திறந்தது.

தடதடவென்று ஒரு சத்தம்! வாத்துக் கூட்டம் சிறகடித்துப் பாய்ந்து வந்தது. பாம்பு புதருக்குள் ஓடி மறைந்தது.

மூச்சிரைக்க முன்னால் நின்றார் வெண்மூக்கர். பின்னால் பார்த்தால் மொட்டை!

"என்ன தலைவரே, வாலைக் காணோம்?" என்று கேட்டாள் மிடுக்கி.

"நரி கொண்டுபோச்சு தாயே! நீங்க போனபிறகு அவன் வர்றது தெரியவே மாட்டேங்குது. உங்களைக் கூப்பிடத்தான் பாட்டைக் கேட்டுக்கிட்டே வந்தோம். திடீர்னு பாட்டு நின்னுச்சு. அப்பத்தான் உறைச்சுது, உங்களுக்கு ஏதோ ஆபத்துன்னு! வந்துடுங்க தாயே!"

மிடுக்கி யோசித்தாள்.

"வருகிறோம். ஆனால் இந்தத் தடம் எங்களுடையது. முட்டை இங்கேதான் இடுவோம். அங்கே ஒருத்தரைக் கொத்தினாலும், அடுத்த தாவலில் எல்லாரும் இங்கே!"

"சரி!"

"இங்கே பாட்டு நின்றால்?"

"பறந்து வருவோம்!"

"மழை பொய்த்தால்?"

வெண்மூக்கர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். மூடினார். மொட்டை வாலை ஆட்டினார்.

"மேகத்தைத் திட்டுவோம் தாயே!"

தவளைகள் சிரித்த சிரிப்பில் தடத்துத் தண்ணீர் பாதி வெளியே சிந்திவிட்டது.

தனக்கென்று ஓர் இடம் உள்ளவரிடம்தான் அக்கம்பக்கம் மரியாதையாகப் பேசும். ஆனால் ஆபத்தில் ஓடிவர அக்கம்பக்கம் இல்லையென்றால், அந்த இடமும் பாம்புக்கு வைத்த தட்டுதான்.