புறாச் சபையில் உம் கொட்டியது யார்?

இணையத்துக்கு விதி போடுவது ராஜாங்கங்கள் மட்டும்தான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். சாதாரணப் பிழை அல்ல இது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத பிழை. சேதி போகிற வழிக்கு விதி போடுவதில் வியாபாரியின் கை என்றைக்கும் உண்டு. புறா ஓலை சுமந்த காலத்திலேயே உண்டு. கேளுங்கள்.

ஒரு பட்டணத்தில் மருதையன் என்று ஒரு புறா வியாபாரி இருந்தான். எதிர்த் தெருவில் சொர்ணத்தாய்க்கும் அதே தொழில். அவள் புறா வழி தவறாது. அதனால் எந்தப் புறா பறந்தாலும் ஊரார், “அதோ சொர்ணத்தாய் புறா” என்பார்கள். மருதையன் புறாவையும் அப்படித்தான் சொன்னார்கள். அவன் பெண்டாட்டியும் அப்படித்தான் சொன்னாள். வயிறு எரியுமா, எரியாதா?

அப்போது ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் வானத்துக்கு ஆளுக்கொரு விதி வைத்திருந்தார்கள். ஒருவர் புறா தாழப் பறக்கணும் என்றார், அடுத்தவர் உயரப் பறக்கணும் என்றார், அதற்கடுத்தவர் பறக்கவே கூடாது, நடந்து போகணும் என்றார். சேதி எப்படிப் போகும்? கடைசியில், “புறா வளர்க்கிறவங்களே பொது விதி போடுங்க, நாங்களும் வந்து உட்கார்றோம்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

சபை கூடியது. கை தூக்கச் சொன்னால் ராஜா கைக்கு எடை அதிகம் என்று சண்டை வரும். அதனால் ஒருவர் விதியைச் சொல்ல, சம்மதப்பட்டவர்கள் கண்ணை மூடி உம் கொட்டுவார்கள். பலமாகக் கேட்டால் அது விதி. (நீங்கள் ஏன் சும்மா இருக்கிறீர்கள்? கொட்டுங்கள்.)

சொர்ணத்தாய் எழுந்தாள். “தாகம் எடுத்த புறா எந்த மாடத்திலயும் இறங்கலாம்.” உம்ம்ம்! “அடுத்தவங்க ஓலையை யாரும் பிரிக்கக் கூடாது.” உம்ம்ம்! “வழி தவறின புறாவை விரட்டக் கூடாது.” உம்ம்ம்! ஒவ்வொரு உம்மும் மருதையன் காதில் காய்ச்சிய எண்ணெயாக விழுந்தது.

மறுநாள் அவன் சொர்ணத்தாய் புறாவை இழுக்கத் தன் கூரையெல்லாம் கம்பு தானியம் இறைத்தான், ஒரு பானை நிறைய வண்டு பிடித்தான், சபைக்கு வந்து பானையை முக்காலிக்கு அடியில் மறைத்து உட்கார்ந்தான்.

“பொழுது சாயும்போது எந்த மாடத்துல எந்தப் புறா இருக்கோ, அது அந்த மாடத்துக்காரனுக்கே சொந்தம்!”

ஒருவரும் உம் கொட்டவில்லை. மருதையன் குதிகாலால் பானையைத் தட்டினான். உம்ம்ம்ம்ம்! விதி ஆகிவிட்டது.

பக்கத்தில் இருந்த சொர்ணத்தாய் கண்ணைத் திறந்தாள், குனிந்தாள், பார்த்தாள், நிமிர்ந்தாள். “நானும் ஒண்ணு சொல்றேன். மருதையன் அண்ணாச்சி மாடத்துப் புறா எல்லாம் ஊருக்குப் பொது.”

அவளும் காலால் பானையைத் தட்டினாள். உம்ம்ம்ம்ம்! வண்டுக்கு ஆள் தெரியுமா?

“ஏய், யாரு கொட்டினது?” என்று மருதையன் அலறினான்.

“உங்க பக்கம்தான் கேட்டுச்சு அண்ணாச்சி. எந்திரிச்சுத் தேடிப் பாருங்களேன்.”

எழுந்தால் பானை தெரியும். இரண்டு விதியும் செல்லாது. அவள் புறா அவளிடமே இருக்கும். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. என் புறா போனாலும் போகட்டும், அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது! தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று உட்கார்ந்தே இருந்தான்.

சொர்ணத்தாய் நேரே வீட்டுக்குப் போனாள், சோளம் அள்ளிப் போட்டாள், பொழுது சாயுமுன் மாடத்தைச் சாத்தினாள். மருதையன் கூரையில் அவள் புறா ஒன்றும் இறங்கவில்லை. ஊர்க்காரர்கள்தான் கூடையோடு ஏறினார்கள்.

எரிந்த வயிறு அவனுக்கு, பறந்த புறா ஊருக்கு, சொன்ன கதை உங்களுக்கு.

அந்தச் சபையில் அதன் பிறகு முக்காலியே கிடையாது; எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள், ராஜாக்கள் உட்பட.