தட்டினால் விடு

ஒரு ஏரிக்கு இரண்டு ராஜா இருந்தால் என்ன ஆகும்? அடிதடிதான் ஆகும். அப்படி ஒரு காலம் இருந்தது, கேளுங்கள். ஏரிக்கு இந்தக் கரையில் கீழைநாடு, அந்தக் கரையில் மேலைநாடு. ஏரி நிறைந்ததும் யார் மடையை முதலில் திறப்பது என்று மூன்று தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "பெரியவர்கள் தலை உருண்டது போதும். இரண்டு ராஜாக்களின் பிள்ளைகளும் மல்யுத்தம் செய்யட்டும். ஜெயித்தவன் நாடு முதலில் திறக்கட்டும்" என்றான். பிள்ளைகள் கட்டிப் புரண்டால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதானே? அன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஏரிக்கரையில் மல்யுத்தம்.

கீழைநாட்டு ராஜா பரிதியரசனின் மூத்த பிள்ளைகள் இருவரும் அடுத்தடுத்துத் தோற்றார்கள். ஆறு வருஷமாகக் கீழைநாட்டு வயலுக்கு மிச்சத் தண்ணீர்தான், பாதி விளைச்சல்தான். இந்த முறை இறங்க வேண்டியவன் கடைக்குட்டி நன்மாறன். வயது பத்து.

நன்மாறன் அதுவரை தோற்றதே இல்லையாம்! மந்திரி மகன் அவன் தொட்டதும் விழுந்தான். சேனாதிபதி மகன் தொடும்போதே விழுந்தான். புரோகிதர் மகனோ தொடுவதற்கு முன்னாலேயே விழுந்தான். ராஜா மகனைத் தோற்கடிக்க யாருக்கு இரண்டு தலை இருக்கிறது?

ராஜா முட்டாள் இல்லை. விஷயம் புரிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு மாசாத்தியிடம் போனான். மாசாத்தி ஏரியில் பரிசல் ஓட்டுகிற பெண். துடுப்புப் பிடித்த கை, இரும்பு மாதிரி. திருவிழாவில் மூன்று மல்லர்களை ஒரே மாலையில் மண் கவ்வ வைத்தவள். கரையோரம் ஒரு மணற்குழி வெட்டி, குயவர் வீட்டுப் பிள்ளை, வலைஞர் வீட்டுப் பிள்ளை என்று முப்பது பேருக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தாள். என்ன பெண் என்கிறீர்கள்! அவள் குழியில் ஒரு பிள்ளைக்குக்கூடக் கை கால் முறிந்ததில்லை.

முதல் நாளே ஒரு குயவர் வீட்டுச் சிறுமி இளவரசனைத் தூக்கிப் போட்டாள். எட்டு வயது வாண்டு! நன்மாறன் ஓவென்று அழுதான்.

"அழுதுட்டு வா, அவசரமில்ல. இங்கே மூணு பாடம்தான். விழப் படி, பிடிக்கப் படி, விடப் படி" என்றாள் மாசாத்தி.

ஒரு மாதம் விழுந்தான். ஒரு மாதம் பிடித்தான். மூன்றாவது மாதம் விடப் படித்தான். அந்தக் குழிக்கு ஒரே சட்டம். பிடியில் இருப்பவன் இரண்டு முறை தட்டினால் பிடித்தவன் அந்தக் கணமே விட வேண்டும். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விட வேண்டும். விடாதவனுக்குக் குழியில் இடமில்லை.

பயிற்சியைப் பார்க்க ராஜா வந்தான். "பிடித்ததை விடுவதற்கா உன்னிடம் அனுப்பினேன்? ஊரே பசியில் கிடக்கிறது! இவன் தோற்றால் இந்தக் குழியைக் கல்லும் முள்ளும் போட்டு மூடிவிடுவேன், தெரிந்துகொள்!" என்று கத்திவிட்டுப் போனான். மாசாத்திக்கு முப்பது பிள்ளைகளின் முகமும் கண்முன் வந்து போனது. ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை.

போட்டி நாள் வந்தது. இரண்டு நாட்டு ஜனமும் கரையில் திரண்டது. மூன்று சுற்று. முதுகு மண்ணில் பட்டு மூன்று எண்ணும்வரை எழாதவனுக்குத் தோல்வி. "தோற்றேன்" என்று வாயால் சொன்னவனுக்கும் தோல்வி. மேலைநாட்டு இளவரசன் வேழன், பேருக்கேற்ற ஆள், யானைக்குட்டி மாதிரி வந்து நின்றான்.

முதல் சுற்றில் நன்மாறன் வேழனின் கையை மடக்கிப் பிடித்துவிட்டான். வலி தாங்காமல் வேழனின் இன்னொரு கை நன்மாறன் முதுகில் பட் பட்டென்று அடித்தது. பாவம், அவனுக்குக் குழியின் சட்டம் எங்கே தெரியும்? நன்மாறன் சட்டென்று விட்டான். விட்டதும் வேழன் அவனைப் புரட்டிப்போட்டு மேலே உட்கார்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் சுற்று போயிற்று.

"அடப் பாவி, விட்டுட்டானே!" என்று கீழைநாடே தலையில் அடித்துக்கொண்டது.

நன்மாறன் மூச்சிரைக்க மாசாத்தியிடம் ஓடி வந்தான். "அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேனா?"

அதற்குள் ராஜாவும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். "சொல் மாசாத்தி. இனிமேல் தட்டினாலும் விடாதே என்று சொல். நீ சொன்னால்தான் கேட்பான்."

ஒரு வார்த்தை போதும், குழி தப்பிக்கும். ஊர் வயலும் தப்பிக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு நாளைக்கு எந்தப் பிள்ளை யாரை நம்பிக் குழியில் இறங்கும்? மாசாத்தி குனிந்து நன்மாறன் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"நீ தப்பே பண்ணல கண்ணு. தட்டினா விடு" என்றாள்.

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது சுற்றுக்கு நின்றபோது வேழன் கேட்டான். "ஏன்டா அப்போ விட்டே?"

"நீ தட்டினியே. வலிக்குதுன்னுதானே அர்த்தம்?"

இரண்டாவது சுற்றில் வேழன் பாய்ந்து வந்தான், நன்மாறன் விழுந்தான், விழுந்த வேகத்திலேயே உருண்டு எழுந்து அவன் காலை வாரினான். ஒன்று, இரண்டு, மூன்று! சுற்றுக் கணக்குச் சரியாயிற்று.

மூன்றாவது சுற்று நீண்டது. வியர்வையும் மண்ணுமாக இருவரும் புரண்டார்கள். கடைசியில் அதே பிடி, அதே மடங்கிய கை. வேழன் பற்களைக் கடித்தான். பிறகு, இந்த முறை தெரிந்தே, இரண்டு தட்டுத் தட்டினான்.

நன்மாறன் விட்டான்.

"தோற்றேன் என்று அவன் சொல்லவில்லை, நடக்கட்டும்!" என்றார் நடுவர். "பிடிடா! இப்போ பிடி!" என்று மேலைநாட்டு ராஜா எழுந்து நின்று கத்தினார். கீழைநாட்டு ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டது. மாசாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

வேழன் அசையவில்லை. கையை நீவிக்கொண்டே சொன்னான். "நான் தோத்துட்டேன்."

"ஏன்டா?" என்றார் அவன் அப்பா.

"அவன் விடலைன்னா என் கை முறிஞ்சிருக்கும் அப்பா. விடுவான்னு நம்பித்தான் தட்டினேன். நம்பினவன் முதுகுல எப்படிப் பாயறது? வெக்கமா இருக்காதா?"

அவ்வளவுதான், எழுந்தது பாருங்கள் ஆரவாரம், இரண்டு நாட்டுப் பக்கத்திலிருந்தும்!

அந்த வருஷம் கீழைநாட்டு மடை முதலில் திறந்தது. பரிதியரசன் மணற்குழி ஓரம் வந்து, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்னை மன்னித்துவிடு தாயே" என்றான். மறுவாரம் மேலைநாட்டு ராஜா தன் மகனையும் மல்யுத்தம் படிக்க மாசாத்தியின் பரிசலிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார்.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, எதிரியைப் பிடித்து வைக்கப் பலம் போதும், அவன் மனதை வெல்ல வேண்டுமானால் விட வேண்டிய நேரத்தில் விடத் தெரிந்திருக்க வேண்டும்.