சேகண்டி நின்ற நேரம்

மடத்துக்கு வந்து மூன்று வருஷம் முடிந்த அன்று, விடிந்ததும் விடியாததுமாகத் தணிகாசலம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றார்.

தணிகாசலத்துக்கு வயது அறுபத்திரண்டு. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு நல்லப்பர் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அதில் இருவருக்குமே சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை. குரு அப்போது அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கிளம்புறேன் சாமி."

"கஞ்சி இறக்குற நேரத்துலயா?"

"கேலி பண்ணாதீங்க. மூணு வருஷமா கடவுளைக் கூப்பிடுறேன். காலையில கூப்பிடுறேன், சாயங்காலம் கூப்பிடுறேன். பதில் உண்டா? எங்க ஆபீஸ்ல ஒரு மனு குடுத்தாக்கூட 'நிராகரிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி வரும். அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னாவது தெரிய வேண்டாமா?"

மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, இதை நம்பித்தான் வந்திருந்தார் மனிதர்.

குரு கரண்டியை நிறுத்தவில்லை. "ஏரி தாண்டி அக்கரை பஸ் ரோட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"பூங்காவனத்தோட பரிசல்ல. வலை எடுத்துட்டு வந்ததும் கொண்டு விடுறேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப அவ வர்ற வரைக்கும் சேகண்டி உங்க பொறுப்பு."

மார்கழி மாதம். ஏரி முழுக்கப் பனி மூடியிருந்தது. படித்துறையில் நின்றால் காலடித் தண்ணீரே தெரியவில்லை. இப்படிப்பட்ட காலைகளில் மடத்து ஆள் யாராவது ஒருவர் கரையிலுள்ள புங்கமரத்தில் தொங்கும் வெண்கலத் தட்டான சேகண்டியைக் கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலை எடுக்கப் போன பரிசல்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வரும். அந்த வருஷம் ஏரி நிரம்பி, தெற்கே உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வழி தப்பிய பரிசல் அங்கே போய்ச் சேர்ந்தால் தண்ணீரோடு பாறைமேல் விழ வேண்டியதுதான்.

தணிகாசலம் அடித்தார். ஏரிக்குள் போயிருந்தவை ஐந்து பரிசல்கள். நான்கு வந்துவிட்டன. பூங்காவனத்தைக் காணவில்லை.

"பூங்காவனம்!" என்று கத்தினார்.

பதில் இல்லை.

அடித்தார், கத்தினார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. பஸ் போனால் போகட்டும், அவள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. ஒருவேளை அவள் குரல் கொடுத்து, சேகண்டிச் சத்தத்தில் அது அமுங்கிப் போகிறதோ? கட்டையைக் கீழே போட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தார்.

கலுங்கின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

பின்னாலிருந்து குரு ஓடிவந்தார். கீழே கிடந்த கட்டையைத் தேட நிற்கவில்லை. கஞ்சி ஒழுகிய இரும்புக் கரண்டியாலேயே சேகண்டியைப் போட்டு அடிக்க ஆரம்பித்தார்.

"பதில் வருதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன் சாமி."

"கட்டையை எடுங்க."

இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள். மடத்துக்குள்ளிருந்து கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. குரு திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து பரிசலின் விளிம்பு தெரிந்தது. பூங்காவனம் அதில் மண்டியிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். தணிகாசலம் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்ப் பரிசலைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வாட்டி கூப்பிட்டேன்! ஒரு குரல் குடுக்கக் கூடாதா நீ?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் கேட்டுச்சு ஐயா. கேக்காமயா வந்து சேந்தேன்?"

"அப்புறம் ஏன் பதில் சொல்லல?"

"கலுங்கு இழுக்குது. எதுத்துப் போட மூச்சே பத்தல. இதுல எங்க கூவுறது? கூவுறதுக்குத் துடுப்ப நிறுத்தினா பரிசல் சுத்திக்கும். அப்புறம் கரை எந்தப் பக்கம்னு எனக்கென்ன தெரியும்?" மீன் கூடையைத் தூக்கிப் படியில் வைத்தாள். "நடுவுல ஒரு வாட்டி நிறுத்திட்டீங்களே, அப்பதான் உசுரே போச்சு. இன்னிக்கு அவ்வளவுதான்னு நெனச்சேன்."

தணிகாசலம் புங்கமரத்துச் சேகண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏறுங்க ஐயா. பனி வெலகட்டும், அக்கரையில விட்டுடுறேன்."

அவர் ஏறவில்லை. துணிப்பையின் அடிப்பக்கம் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் குருவைப் பார்த்தார். குரு படியில் உட்கார்ந்து, கரண்டியில் காய்ந்திருந்த கஞ்சியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவ வந்துட்டா சாமி. நான் மூணு வருஷமாக் கூப்பிடுறவர்?"

குரு கரண்டியை உதறினார்.

"அவர் கையிலயும் துடுப்பு இருக்கோ என்னமோ."