சேமிக்காத பதினோரு கடிதங்கள்

படியேறும்போதே சத்தம் கேட்டது. கரக், கரக், கரக். கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் கரக். ஓலைப்பெட்டிக்குள் எலி சுரண்டுகிற மாதிரி.

ஆவுடையப்பன் பாதிப் படியில் நின்றுவிட்டார். அது அவருடைய கம்ப்யூட்டரின் சத்தம். காலையில்தான் கொண்டுவந்து மேலே விட்டுப் போயிருந்தார்.

"படியில என்ன யோசனை அண்ணாச்சி? வாங்க."

குரல் செல்லக்கனியுடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மாடியறையில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் சொல்லித் தருகிறவள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்து நான்கு. கோவில்பட்டியில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் தட்டச்சர். வயதுக்காக அவள் அவரை அண்ணாச்சி என்பாள். படிப்புக்காக அவர் அவளை டீச்சர் என்பார். இரண்டு வருடமாக இப்படித்தான் போகிறது.

அவள் ஒரு பிளாஸ்டிக் பேசினை அவர் பக்கம் நகர்த்தினாள். சோப்புத் தண்ணீரில் பழைய கீபோர்டு ஒன்றின் பொத்தான்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாரமும் இப்படி ஒரு வேலை இருக்கும். அவர் ஒரு பொத்தானை எடுத்துத் துடைத்து, என்ன எழுத்து என்று ஒரு பார்வை பார்த்து, கீபோர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் இடத்தில் அழுத்தினார். முப்பது வருட விரல்.

"நாலு மணிக்குத் தம்பி மக இங்க வர்றா, டீச்சர். கோமதி. காலேஜ்ல கம்ப்யூட்டர் எடுத்திருக்கா. என் கம்ப்யூட்டரை அவளுக்குக் குடுக்கப் போறேன்."

"தம்பிகூட ஆறு வருஷமாப் பேச்சில்லன்னீங்க?"

"தம்பிகூடத்தான் இல்ல. பிள்ளை என்ன செஞ்சுது?"

"சரி. இதுல என்ன குறை?"

"எல்லாத்தையும் மூடிட்டேன். ஒரு ஜன்னல்கூடத் திறந்தில்ல. அப்படியும் ஸ்வாப்ல ஒரு ஜிபி இருக்குன்னு காட்டுது. மூடின பிறகும் உள்ள என்னத்த வச்சிருக்கு?"

ஸ்வாப் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அவள் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது. நினைவகத்தில் இடம் போதாதபோது, அந்த நேரத்துக்குத் தொடாததையெல்லாம் கம்ப்யூட்டர் எடுத்து ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும். அந்த மூலைதான் ஸ்வாப்.

"என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"குப்பைதான்."

"ஒரு பேரு சொல்லுங்க. இதுல எந்தக் கோப்புலயும் நீங்க சேமிக்காத பேரு."

அவர் சிரித்தார். "சங்கரலிங்கம். என் தம்பி. அந்தப் பேருக்கு இதுல இடமே குடுத்ததில்ல."

அவள் ஸ்வாப்புக்குள் தேடும் ஒரு கட்டளையை அடித்து, அந்தப் பெயரை எழுதி, என்டரைத் தட்டினாள். கரக், கரக். அவர் இன்னும் இரண்டு பொத்தான்களைப் பொருத்தினார். சத்தம் நின்றது.

திரையில் தமிழ் எழுத்துகள் வந்திருந்தன.

*சங்கரலிங்கம், உன் புது வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் பெரியப்பா மகன் பேரன் பெயர்வரைக்கும் போட்டாய். கூடப்பிறந்த அண்ணன் பெயரை விட்டாய். போகட்டும். உன் கருமாதிப் பத்திரிகையிலாவது மறக்காமல் போடச் சொல்.*

ஆவுடையப்பன் கையிலிருந்த பொத்தான் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. காது இரண்டும் சுட்டன.

"நான் இதைச் சேமிக்கவே இல்ல, டீச்சர்."

"தெரியுது."

"டைப்ரைட்டர் காலத்துலயும் கோபம் வந்தா அடிச்சுத் தீர்ப்பேன். பேப்பரைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன். இதுல அடுப்பு வேலை மிச்சம்னு நினைச்சேன். மூடும்போது 'சேமிக்கவா'ன்னு கேக்கும். வேண்டாம்னு தட்டுவேன். அதோட போச்சு."

"பாதி எழுதிட்டு வேற ஜன்னல்ல எதையோ பாக்கப் போயிருப்பீங்க. இவர் இப்ப இதைத் தொடமாட்டார்னு அது எடுத்து ஓரமா வச்சிருக்கு. நீங்க மூடினதும் அந்த இடத்தைக் காலின்னு குறிச்சுக்கிச்சு. குறிச்சதோட சரி. யாரும் கூட்டிப் பெருக்கல."

"அதுக்குன்னு..."

"கீழ பாருங்க."

அவள் திரையில் இருந்ததை மேலே உருட்டினாள். மறுபடியும் சங்கரலிங்கம். மறுபடியும் பத்திரிகை. மறுபடியும் கருமாதி. ஒன்றில் கோபம் தலைக்கேறியிருந்தது. ஒன்றில் செத்துப்போன அம்மாவையும் இழுத்திருந்தார்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"இருக்காது. ரெண்டு தடவை எழுதியிருப்பேன். மிஞ்சினா மூணு."

செல்லக்கனி முதல் கடிதத்துக்குத் திரும்பப் போனாள். அவரே விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"கோமதி தேடினா இது வருமா?"

"கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. ஸ்வாப் பாடம் நடத்துற அன்னிக்கு முதல்ல அப்பா பேரைத்தான் போட்டுப் பாக்கும்."

மணி மூன்றேகால்.

"அழிச்சிருங்க, டீச்சர். இப்பவே."

"அந்த மூலை முழுக்கப் பூஜ்ஜியமா எழுதணும். இருபது நிமிஷம் ஆகும். அதுக்குப் பிறகு யாரு தேடினாலும் வராது." அவள் கட்டளையை அடித்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் கீபோர்டை அவர் மடிப்பக்கம் தள்ளினாள். "தட்டுறது நீங்கதான். அதுக்கு முன்னால கடைசியா இருக்கிறதைப் படிங்க."

"எல்லாம் ஒண்ணுதான்."

"படிங்க."

*சங்கரலிங்கம், பெயர் போடாவிட்டால் என்ன. வீடு நன்றாக அமைந்ததா? மாடிப்படியை எந்தப் பக்கம் வைத்தாய்? உனக்கு மூட்டுவலி என்று கேள்விப்பட்டேன். படிக்குக் கைப்பிடி வைத்தாயா? இல்லையென்றால் உடனே*

அதற்குமேல் வரி இல்லை. பொருளில்லாத குறிகள்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"இது நான் எழுதினதில்ல."

"வேற யாரு எழுதுவா?"

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"திட்டி வஞ்சது மட்டும் ரெண்டு மூணு ஞாபகம் இருந்துச்சு."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு தடவை படித்தார்.

"இதுக்கும் அது 'சேமிக்கவா'ன்னு கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

"வேண்டாம்னுதான் தட்டியிருக்கேன்."

"ஆமா."

"இது ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை அழிக்க முடியாதா?"

"மூலையைக் கழுவினா எல்லாமே போயிரும். இதை வேணா வெளிய எடுக்கலாம்." அவள் அந்த வரிகளை மட்டும் பிரதி எடுத்து, புதிதாகத் திறந்த வெற்றுப் பக்கம் ஒன்றில் ஒட்டினாள். "இப்பத் தட்டுங்க."

ஆவுடையப்பன் என்டரைத் தட்டினார்.

கரக், கரக் இல்லை இப்போது. ஒரே சீராக ஒரு இரைச்சல். பத்துக் கடிதங்களும் பதினொன்றாவதன் அசலும் போய்க்கொண்டிருந்தன. அவர் தோள் தளர்ந்தது.

செல்லக்கனி கை நீட்டி, பிரதி இருந்த பக்கத்தின் மூலையில் மூடும் குறியைத் தட்டினாள். திரை நடுவில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றது.

சேமிக்கவா?

அவருடைய விரல் தானாக 'வேண்டாம்' பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது.

"கோமதி வந்த பிறகு பாத்துக்கலாமே, டீச்சர். கொஞ்சநேரம் அப்படியே ஓரமாக் கிடக்கட்டும்."

"ஓரத்தைத்தான் கழுவிக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி. ஒதுக்கி வைக்க இப்ப இடமில்ல. அது கேக்குது."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பெட்டி திரையில் அப்படியே நின்றது. பேசினுக்குள் கையை விட்டு, விழுந்த பொத்தானைத் தேடி எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். பழைய கீபோர்டின் பக்கம் திரும்பி, அது எங்கே போக வேண்டும் என்று வரிசை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார்.